கரைதான் அதன் வீடு: நீர் உடும்பின் உடலும் வாழிடமும்

கலங்கிய கால்வாய் நீரில் ஒரு தலை மட்டும் நகர்ந்து வருகிறது. அதன் பின்னால் நீர் இரண்டாகப் பிரிந்து விரிந்துகொண்டே போகிறது. உடல் எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. கரையில் நிற்பவர்களில் யாராவது ஒருவர் "முதலை!" என்று சொல்லிவிடுவார். சற்று நேரத்தில் அது கரையேறும். முதலில் முன்னங்கால் நகங்கள் சேற்றில் ஊன்றும், பிறகு நீண்ட கழுத்து, பருத்த வயிறு, பின்னங்கால்கள் எல்லாம் வரும். அத்தனையும் வெளியே வந்த பிறகும் வால் வந்து முடிந்திருக்காது. மேட்டில் ஏறி நின்று, நீலம் கலந்த நீண்ட நாக்கை இரண்டு மூன்று முறை வெளியே நீட்டி இழுத்துக்கொள்ளும். நாக்கின் நுனி பாம்பின் நாக்கைப் போலவே பிளந்திருக்கும்.

இதுதான் நீர் உடும்பு. உலகில் இன்று வாழும் பல்லியினங்களில் கொமோடோ உடும்புக்கு அடுத்தபடியாக மிகப் பெரிதாக வளரக்கூடியவற்றில் ஒன்று. நன்கு வளர்ந்த நீர் உடும்பு சாதாரணமாக ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். இலங்கையின் கண்டியில் அளக்கப்பட்ட ஒன்றின் நீளம் 3.21 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அவ்வளவு பெரியதைப் பார்ப்பது மிக அரிது என்றாலும், இந்த இனம் எதுவரை வளர முடியும் என்பதை அந்த எண் காட்டுகிறது.

நீர் உடும்பு என்ற பெயர் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. இது நீரில் வாழும் விலங்கு என்ற எண்ணத்தை அந்தப் பெயர் உண்டாக்கிவிடுகிறது. இதன் உடலை உறுப்பு உறுப்பாகப் பார்த்தால், எதுவுமே நீருக்கென்று மட்டும் அமைந்ததாகத் தெரியவில்லை. நிலத்துக்கென்று மட்டும் அமைந்ததாகவும் இல்லை. நீரும் நிலமும் சந்திக்கிற அந்தக் குறுகிய ஓரத்துக்கு, அதாவது கரைக்கு ஏற்ற உடல் இது. இந்த விலங்கு எங்கே பிழைக்கிறது, எங்கே காணாமல் போகிறது என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

பெயர்கள்

இலங்கைத் தமிழர் இதைக் கபரக்கொய்யா என்பார்கள். சிங்களத்திலிருந்து வந்த சொல். அங்கே நில உடும்புக்குத் தலகொயா என்று வேறு பெயர் உண்டு. இரண்டையும் வேறு வேறு விலங்காகவே மக்கள் காலங்காலமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681ல் எழுதிய குறிப்பில் இந்த விலங்கு வருகிறது. முதலையைப் போன்ற தோற்றம், ஐந்தாறு அடி நீளம், கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகள், நீளமான நீல நிறப் பிளவு நாக்கு, நீரில் மூழ்கும் பழக்கம் என்று அவர் சொல்லும் அடையாளங்களை வைத்து இன்றும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். சீறும், வாயைப் பிளக்கும், பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் கடிக்காது என்றும் எழுதினார். கடைசியில் சொன்னது மட்டும் சரியில்லை. மூலையில் நெருக்கினால் கடிக்கும், நன்றாகவே கடிக்கும்.

அறிவியல் பெயர் வரனஸ் சல்வேட்டர். ஆஸ்திரிய இயற்கையியலாளர் லாரென்டி 1768ல் இந்த இனத்தை விவரித்துப் பெயரிட்டார். வரனஸ் என்பது உடும்பைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எச்சரித்தல் என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லின் ஒலி அதற்கு நெருக்கமாக இருந்ததால் இரண்டும் குழம்பிப்போயின. முதலை வருவதை மனிதர்களுக்கு முன்கூட்டியே உணர்த்தும் விலங்கு என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் உடும்புக்கு வழங்கும் மானிட்டர் என்ற பெயருக்கு இதுவே மூலம். சல்வேட்டர் என்றால் லத்தீனில் இரட்சகன். முதலை வருகிறது என்று இந்த விலங்கு யாருக்கும் சொல்வதில்லை. ஆனாலும் ஒரு காலத்து மனிதர்கள் இதைத் தங்கள் பக்கத்து விலங்காக நினைத்தார்கள் என்பது அந்தப் பெயரில் தங்கிவிட்டது.

மூக்கைப் பாருங்கள்

நமக்கு நன்கு பழக்கமான நில உடும்பையும் நீர் உடும்பையும் வேறுபடுத்துவதற்கு நிறத்தை நம்பக் கூடாது. சேறு அப்பியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மூக்கைப் பார்க்க வேண்டும். நில உடும்பின் மூக்குத்துளை சாய்வான ஒரு கீறல் மாதிரி இருக்கும், முகத்தின் நுனியைவிட்டுத் தள்ளிக் கண் பக்கமாக அமைந்திருக்கும். நீர் உடும்பின் மூக்குத்துளை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும், முகத்தின் நுனிக்கு மிக அருகில் இருக்கும்.

இந்தச் சின்ன இடமாற்றம் நீரில் பெரிதாக உதவுகிறது. மூச்சு வாங்க இது தலை முழுவதையும் வெளியே தூக்க வேண்டியதில்லை, முகத்தின் நுனியைச் சற்று உயர்த்தினால் போதும். ஆனால் முதலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலைக்கு மூக்கும் கண்ணும் தலையின் மேற்பரப்பிலேயே இருப்பதால், உடலை முழுக்க நீருக்குள் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்தபடி காத்திருக்கும். வட ஆஸ்திரேலியாவில் வாழும் மெர்டென்ஸ் நீர் உடும்புக்கும் மூக்குத்துளைகள் முகத்தின் மேல்பக்கம் ஏறியிருக்கின்றன. அது நீரோடு இன்னும் நெருங்கிய உறவு கொண்ட இனம். நம் நீர் உடும்பு அவ்வளவு தூரம் போகவில்லை. நீரில் பதுங்கிக் காத்திருப்பது இதன் முறை இல்லை. நடந்தும் நீந்தியும் தேடித் தின்பதே இதன் பிழைப்பு.

வால்

மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். அடிப்பகுதியில் உருண்டையாகத் தொடங்கி, போகப் போகப் பக்கவாட்டில் தட்டையாகி, செங்குத்தாக நிறுத்திய பலகையைப் போல ஆகிவிடும். மேல் விளிம்பில் இரட்டை வரியாகச் செதில்கள் எழும்பிய ஒரு முகடு ஓடும். நீந்தும்போது நான்கு கால்களையும் உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது. பிறகு உடலும் வாலும் சேர்ந்து பக்கவாட்டில் அலையாக நெளிகின்றன. தட்டையான வால் நீரைப் பின்னால் தள்ள, உடல் முன்னால் போகிறது. கால்கள் நீந்துவதில் பெரிதாகப் பங்கெடுப்பதில்லை. ஆழமில்லாத இடத்தில் அடித்தரையில் கால் ஊன்றி நடப்பதும் உண்டு.

அதே வால் நிலத்தில் சாட்டை. நெருங்குகிற நாயை நோக்கிப் பக்கவாட்டில் வீசினால் அடி பலமாக விழும். மரம் ஏறும்போது உடலின் எடையைச் சமன்செய்யவும் இதுவே உதவுகிறது. வீட்டுப் பல்லி ஆபத்து வந்தால் வாலை உதறிவிட்டு ஓடிவிடும், பிறகு புது வால் முளைக்கும். உடும்புக்கு அந்த வசதி இல்லை. வால் தானாகக் கழன்று விழாது, அறுந்தால் மறுபடி முளைக்காது. பல வேலைகளுக்கு வேண்டிய உறுப்பை உதறிவிட்டுப் போக முடியாதுதானே.

சேற்றுக் கரையில் இது போன தடத்தைப் பார்த்தால் இந்த உடலைப் புரிந்துகொள்வது எளிது. இரண்டு பக்கமும் ஐந்து விரல்கள் பதிந்த அடிகள், ஒவ்வொரு விரலின் முனையிலும் நகம் குத்திய குழி, நடுவே வால் இழுபட்ட வளைந்த கோடு. விரல்களுக்கிடையே சவ்வு பதிந்த அடையாளம் இருக்காது, ஏனென்றால் சவ்வே கிடையாது. நீருக்கென்று உருவான கால் இது இல்லை. நீண்டு வளைந்த அந்த நகங்கள் மண்ணைத் தோண்டவும் மரப்பட்டையைப் பற்றவும் ஏற்றவை. நீந்துவதற்கான வேலையை வால் எடுத்துக்கொண்டதால் கால்கள் ஏறவும் தோண்டவும் மிஞ்சின. இந்த வேலைப் பிரிவினையை இதன் உடலமைப்பின் மிக அழகான பகுதி என்று சொல்வேன்.

மூச்சு

பெரும்பாலான பல்லிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. அவை உடலை வலமும் இடமுமாக வளைத்து ஓடுகின்றன. ஓடப் பயன்படும் அதே விலாத் தசைகளே மூச்சு இழுக்கவும் வேண்டும். அதனால் வேகமாக ஓடுகிற பல்லிக்கு ஓடும்போது சரியாக மூச்சு விட முடியாது. சிறிது தூரம் ஓடிவிட்டு நின்றுவிடும். உடும்புகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. தொண்டையின் அடிப்பகுதியை விரித்துக் காற்றை நிரப்பி, பிறகு அதைச் சுருக்கி நுரையீரலுக்குள் அழுத்துகின்றன. துருத்தி ஊதுவதைப் போன்றது. ஆப்பிரிக்கப் புல்வெளி உடும்பை ஓடவிட்டு எக்ஸ்ரே மூலம் பார்த்து 1999ல் ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். ஓடி முடித்த உடும்பின் தொண்டை உப்பி உப்பி அடங்குவதற்குக் காரணம் இதுதான். கோபம் வந்தாலும் தொண்டையை உப்பும் என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

அதே இனத்தை வைத்து 2013ல் வெளியான இன்னோர் ஆய்வு, உடும்பின் நுரையீரலுக்குள் காற்று பெரும்பாலும் ஒரே திசையில் சுற்றிச் செல்கிறது என்று காட்டியது. பறவைகளுக்கே உரியதென்று நீண்ட காலம் நினைத்திருந்த அமைப்பு அது. இதயமும் சாதாரணப் பல்லியின் இதயம் இல்லை. உடும்பின் இதயத்தில் கீழறை முழுமையாகப் பிரியாவிட்டாலும், துடிக்கும் நேரத்தில் உடலுக்குப் போகும் ரத்தத்துக்கு உயர் அழுத்தமும் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்துக்குத் தாழ் அழுத்தமும் கிடைக்கும்படி வேலை செய்கிறது. நாள் முழுக்க அலைந்து தேடித் தின்கிற வாழ்க்கைக்கு இவ்வளவும் தேவைப்படுகிறது.

நீருக்குள் கதை வேறு. அரை மணி நேரம் வரை மூழ்கியிருந்ததாகப் பதிவுகள் உண்டு. அதற்குப் பெரிய நுரையீரல் மட்டும் காரணம் இல்லை. உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்காத விலங்கு அசையாமல் கிடந்தால் அதற்கு வேண்டிய ஆக்சிஜன் மிகக் குறைவு. அதே எடையுள்ள ஒரு நாயோ நீர்நாயோ இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆபத்து என்று தோன்றினால் கரையில் படுத்திருக்கும் நீர் உடும்பு மரத்துக்கோ புதருக்கோ ஓடுவதைவிட நேரே நீரில் பாய்ந்து அடியில் ஒளிந்துகொள்வதன் காரணம் இது. நீர் அதற்கு ஒரு கதவு. வேண்டும்போது திறந்து உள்ளே போய் மூடிக்கொள்ளலாம்.

நாக்கும் பல்லும்

பல்லியினங்கள் பலவும் நாக்கால் உணவை எடுக்கும், அல்லது வாய்க்குள் புரட்டும். உடும்பின் நாக்கு அந்த வேலையை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டது. அது மோப்பத்துக்கு மட்டுமே. காற்றிலும் தரையிலும் படிந்திருக்கும் நுண்ணிய மணத்துகள்களை நாக்கின் இரு நுனிகளும் தனித்தனியே சேகரித்துக்கொண்டு வர, மேல்வாயில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு அவற்றை அறிகிறது. இடது நுனியில் மணம் கூடுதலா வலது நுனியில் கூடுதலா என்று ஒப்பிட்டு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். செத்த மீன் எங்கே ஒதுங்கியிருக்கிறது, ஆமை எங்கே முட்டையிட்டு மூடியிருக்கிறது என்பதெல்லாம் இப்படித்தான் அதற்குத் தெரிகிறது.

நாக்கு மோப்பத்துக்குப் போய்விட்டதால் இரையை விழுங்க வேறு வழி வேண்டும். தலையைத் தூக்கி ஒரு வெட்டு வெட்டும், இரை உள்ளே சரியும், மறுபடியும் ஒரு வெட்டு. பின்னோக்கி வளைந்த, கத்தி போலத் தட்டையான பற்கள் இரையை வெளியே நழுவ விடுவதில்லை. பற்கள் தேய்ந்தோ உடைந்தோ விழுந்தால் வாழ்நாள் முழுதும் புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும். மீன், நண்டு, தவளை, எலி, பறவை, பாம்பு, முட்டைகள், அழுகிய பிணங்கள், மனிதர் எறிந்த மிச்சம் என்று வாய்க்குள் அடங்குகிற எதையும் தின்னும். முதலைக் கூட்டைத் தோண்டி முட்டை எடுத்துத் தின்பதும் உண்டு. பெரிய முதலை இதைத் தின்பதும் உண்டு.

நஞ்சு பற்றிய கேள்வி அடிக்கடி எழுகிறது. உடும்புகளின் கீழ்த்தாடையில் நச்சுப் புரதங்களைச் சுரக்கும் சுரப்பிகள் இருப்பதாக 2005ன் இறுதியில் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. அவை வேட்டையில் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்பதில் விலங்கியலாளர்களிடையே விவாதம் ஓயவில்லை. பாம்பைப் போல நஞ்சைச் செலுத்தும் பல் இதற்குக் கிடையாது. கடிபட்டால் காயம் ஆழமாக இருக்கும், கிருமி தொற்றும், மருத்துவரிடம் போக வேண்டும். நீர் உடும்பின் மூச்சுக்காற்று பட்டாலே நஞ்சு, அதன் இறைச்சி நஞ்சு என்று இலங்கையில் வழங்கும் நம்பிக்கைகளுக்கு அடிப்படை எதுவும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை அதற்கு நன்மையே செய்திருக்கிறது. அங்கே தலகொயாவைத் தின்றவர்கள்கூடக் கபரக்கொய்யாவைத் தொடவில்லை.

தோலும் வெயிலும்

குஞ்சுதான் பார்க்க மிக அழகு. கறுத்த உடலில் குறுக்கு வரிசை வரிசையாகப் பளிச்சென்ற மஞ்சள் வட்டங்கள், வாலில் மஞ்சள் வளையங்கள். வயது ஏற ஏற மஞ்சள் மங்கி, முதிர்ந்தவை கரும்பழுப்பாகவோ சாம்பல் கறுப்பாகவோ ஆகிவிடும். இடத்துக்கு இடம் நிறம் மாறும். அந்தமானில் வாழ்பவை மிகவும் கறுத்தவை. தாய்லாந்து, மலேசியப் பகுதியில் காணப்படும் முழுக் கறுப்பு உடும்புகளைத் தனித் துணையினமாகக் கருதி வந்தார்கள். 2007ல் வெளியான மறு ஆய்வு அவை நிற வேறுபாடு மட்டுமே என்று முடிவு செய்தது. அதே ஆய்வு பிலிப்பைன்ஸ் தீவுகளின் நீர் உடும்புகள் சிலவற்றைத் தனி இனங்களாகவே பிரித்தது.

கையருகே வைத்துப் பார்த்தால் இந்தத் தோல் மணி கோர்த்த வேலைப்பாடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பெரிய செதிலும் நீள்வட்டமாகத் தனித்து நிற்க, அதைச் சுற்றி மிகச் சிறிய செதில்கள் வளையமாகப் பதிந்திருக்கும். பாம்பின் செதில்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை. பெரிய இரையை விழுங்கும்போது வயிற்றுத் தோல் விரிய இந்த இடைவெளிகள் உதவும்.

நீர் உடலின் சூட்டை விரைவில் உறிஞ்சிவிடும். எனவே நீரில் வேலை செய்யும் பல்லி ஏதாவது ஒரு வழியில் இதைச் சமாளித்தாக வேண்டும். நீர் உடும்பு காலையில் வெயில் காய்கிறது, சூடேறிய பிறகே நீரில் இறங்குகிறது. பெருத்த உடல் மெதுவாகக் குளிரும் என்பதால் பெரியவற்றுக்கு அதிக நேரம் கிடைக்கிறது. வறண்ட நிலத்து உடும்புகள் பலவும் 35 டிகிரிக்கு மேல் உடல் வெப்பம் ஏறினால்தான் சுறுசுறுப்பாக இயங்கும். நீர் உடும்பு அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே வேலையைப் பார்த்துக்கொள்கிறது. நிழலும் ஈரமும் நிறைந்த வாழிடத்துக்கு இந்தப் பொறுமை அவசியம்.

எங்கே வாழ்கிறது

இலங்கை முதல் இந்தியாவின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகள், வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, இந்தோசீன நாடுகள், சீனாவின் தென்கோடி, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியத் தீவுகள் வரை இதன் பரப்பு நீள்கிறது. இந்தியாவில் ஒடிசாவின் பிதர்கனிகா, வங்காளத்தின் சுந்தரவனம், அசாம் ஆற்றுப்படுகைகள், அந்தமான் நிகோபார் தீவுகள் ஆகிய இடங்களில் காணலாம். தமிழகத்து வயல்வெளிகளில் நாம் பார்ப்பது நில உடும்பு.

இந்தப் பரப்பில் எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பது தாழ்வான, வெப்பமான, நீர் வற்றாத நிலம். ஆறு, கழிமுகம், அலையாத்திக் காடு, சதுப்பு, குளம், வயல் வாய்க்கால், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் வடிகால் என்று எதுவானாலும் சரி. உப்புநீரைக் கண்டு பின்வாங்குவதில்லை, கடலிலும் நீந்தும். ஜாவாவுக்கும் சுமாத்ராவுக்கும் இடையே இருக்கும் கிரகத்தோவா எரிமலைத் தீவு 1883ல் வெடித்தபோது அங்கிருந்த உயிர்கள் அனைத்தும் அழிந்தன. ஆறே ஆண்டுகளில், 1889ல், அந்தச் சாம்பல் தீவில் நீர் உடும்பு காணப்பட்டது. காடு இன்னும் திரும்பியிருக்கவில்லை. கடற்கரையில் ஒதுங்கும் மீனும் நண்டும் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

இன்று இதை மிக எளிதாகப் பார்க்கக்கூடிய இடங்கள் நகரங்களே. சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நடைபாதையின் குறுக்கே நிதானமாகக் கடந்து போகும். கண்டி ஏரியிலும் கொழும்பின் கால்வாய்களிலும் உண்டு. பாங்காக்கின் லும்பினி பூங்காவில் நூற்றுக்கணக்கில் பெருகி, 2016ல் நகர நிர்வாகம் சிலவற்றைப் பிடித்து வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. தாய்லாந்து மொழியில் இதன் பெயர் ஒரு கெட்ட வசைச் சொல். அதைச் சொல்லக் கூசுபவர்கள் வெள்ளியும் பொன்னும் என்று பொருள்படும் மங்கலப் பெயரால் இதைக் குறிக்கிறார்கள். நகரம் இதற்கு ஒத்துப்போவதில் வியப்பில்லை. எலி, மீன், உணவுக் கழிவு எல்லாம் ஏராளம், முதலை இல்லை, பெரிய மலைப்பாம்பு குறைவு.

ஆனால் நகரத்து நீர் அனைத்தும் இதற்கு வீடாகிவிடாது. நீர், உணவு, வெயில் காய இடம் இவை மூன்றும் இருந்தால் ஒரு நீர் உடும்பு வந்து போகும். அங்கேயே தங்கி இனம் பெருக்க மண் கரை வேண்டும். இரவில் ஒடுங்க வளை, மரப்பொந்து, அடர்ந்த புதர் ஏதாவது வேண்டும். கரை மண்ணில் தானே வளை தோண்டிக்கொள்ளும். நீரோரம் சாய்ந்த மரங்கள் வேண்டும். கால்வாயின் இருபுறமும் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் எழுப்பினால், நீர் முன்னைவிடச் சுத்தமாக ஓடினாலும், நகம் பதிக்க இடமில்லை, தோண்ட மண்ணில்லை. சதுப்பைத் தூர்த்துவிட்டு நடுவில் ஒரு செயற்கை ஏரியை விட்டுவைக்கிற திட்டங்களிலும் இதே குறைதான். நீரின் பரப்பளவைக் கணக்கிடுகிறார்கள், கரையின் தன்மையைக் கணக்கிடுவதில்லை. இந்த விலங்கின் மேல் அக்கறை உள்ள யாரும் முதலில் கேட்க வேண்டியது கரை என்ன ஆனது என்பதைத்தான்.

தோல் வணிகத்தையும் சொல்லியாக வேண்டும். கைக்கடிகாரப் பட்டை, காலணி, கைப்பைக்காக ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தோல்கள் ஏற்றுமதியான காலம் உண்டு. இந்தோனேசியாவே முதன்மையான மூலம். 1975லிருந்து இதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின்கீழ் கட்டுப்படுத்தப்படுகிறது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் பிடிப்பதும் கொல்வதும் கடுங்குற்றம். இவ்வளவு வேட்டைக்குப் பிறகும் உலக அளவில் இது அழிவின் விளிம்பில் இல்லை. மிகப் பெரிய உடும்புகளின் தோல் தடித்து முரடாக இருப்பதால் வணிகர்கள் நடுத்தர அளவுள்ளவற்றையே விரும்பினார்கள். அதனால் முட்டையிடும் பெரிய பெண் உடும்புகள் பல தப்பின. விரைவில் வளர்ந்து இனப்பெருக்கம் செய்வதும் காப்பாற்றியது. பறிபோன உயிர்களை மறுபடி ஈடுகட்ட இந்த இனத்தால் முடிந்தது. பறிபோன கரையை அதனால் ஈடுகட்ட முடியாது.

முட்டையும் குஞ்சும்

ஆண் உடும்புகள் இனப்பெருக்கக் காலத்தில் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து மல்லுக்கு நிற்கும். வால் முட்டுக்கொடுக்கும். சாய்க்கப்பட்டது விலகிப்போகும். தொலைவிலிருந்து பார்க்கிறவர்கள் இதைச் சேர்க்கை என்றே நினைத்துவிடுகிறார்கள்.

முட்டையிடும் இடத்தில்தான் நிலத்தின் மேல் இதற்குள்ள தேவை முழுதாகத் தெரிகிறது. நீரில் இவ்வளவு நேரம் கழிக்கிற விலங்கு, முட்டையை நீர் எட்டாத இடத்தில் வைத்தாக வேண்டும். கறையான் புற்று, கரைமேட்டு வளை, உளுத்த மரத்தின் பொந்து ஆகியவை இதற்குப் பிடித்தவை. கறையான் புற்றுக்குள் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாமல் இருக்கும். பெண் உடும்பு புற்றின் பக்கத்தைத் தோண்டி முட்டைகளை வைக்கிறது. உடைந்த இடத்தைக் கறையான்களே மண் பூசி அடைத்துவிடும். மென்மையான தோல் போன்ற ஓடுடைய அந்த முட்டைகள் பொரிய ஆறு முதல் பத்து மாதங்கள் வரை ஆகும். அவ்வளவு காலமும் வெள்ளம் ஏறாத, மண் வெட்டி விழாத ஒரு மேடு நீருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வெளியே வரும் குஞ்சு ஏறத்தாழ ஓர் அடி நீளம் இருக்கும். தாய் உணவூட்டுவதில்லை, கூட இருப்பதும் இல்லை. கொக்கு, பருந்து, பாம்பு, பெரிய மீன், தன் இனத்துப் பெரியவை உட்பட எல்லாமே அதற்கு எதிரிகள். அதனால் முதல் சில மாதங்கள் குஞ்சு தரையில் அதிகம் தென்படுவதில்லை. நீரை நோக்கிச் சாய்ந்த மரங்களில் ஏறி, பட்டை இடுக்குகளில் பூச்சி தேடிக்கொண்டு, மஞ்சள் புள்ளிகள் இலைநிழலில் கரைந்துபோக, மேலேயே வாழ்கிறது. கீழே ஏதாவது அசைந்தால் கிளையோடு ஒட்டிப் படுக்கும். அசைவு மரத்தில் ஏறி வரத் தொடங்கினால், பிடியை விட்டு நேரே கீழே நீரில் விழும்.